பழ மரத்தைத் தேடுங்கள், பறவை கிடைக்கும்

மாணவர்களே, குளிர்காலத்தில் பிரிட்டனுக்கு வரும் ஓர் அழகிய பறவையைக் காண அங்குள்ள பறவை ஆர்வலர்கள் எங்கே போவார்கள் தெரியுமா? பல வேளைகளில், பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்துக்கு!

அந்தப் பறவையின் பெயர் வேக்ஸ்விங். மைனாவைவிடச் சற்றுச் சிறியது. தலையில் கொண்டை, வால் நுனியில் மஞ்சள் பட்டை, சிறகில் சிவப்பு மெழுகு சொட்டியது போன்ற புள்ளிகள். ‘வேக்ஸ்’ என்றால் மெழுகு. பெயர்க் காரணம் அதுதான்.

ஏன் வருகிறது?

வேக்ஸ்விங் ஸ்கண்டினேவியா, ரஷ்யாவின் வடக்குக் காடுகளில் கூடு கட்டும். கோடையில் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். குளிர்காலத்தில் பழமே முக்கிய உணவு. அங்குள்ள ரோவன் மரங்கள் ஓராண்டு கொத்துக் கொத்தாகக் காய்த்தால், அடுத்த ஆண்டு குறைவாகக் காய்ப்பதுண்டு. பறவைகள் பெருகிப் பழம் குறைந்துவிட்டால், அவை கூட்டம் கூட்டமாகத் தெற்கும் மேற்கும் பறக்கும். 2023-2024 குளிர்காலத்தில் பிரிட்டனுக்கு ஏராளமாக வந்தன. வேறு சில ஆண்டுகளில் மிகச் சிலவே வரும்.

எங்கே தேடுவது?

முதலில் மரத்தைத் தேட வேண்டும். பிரிட்டிஷ் நகரங்களில் சாலையோரத்திலும் கடை வளாகத்திலும் அழகுக்காக ரோவன், கோட்டோனியாஸ்டர் போன்றவற்றை நட்டிருக்கிறார்கள். அவற்றில் பழம் மீந்திருக்கிறதா என்று பாருங்கள். பழத்தில் சர்க்கரை அதிகம், புரதம் குறைவு. எனவே பறவை நிறையத் தின்ன வேண்டும். அடிக்கடி தண்ணீரும் குடிக்கும். பழமரம், பக்கத்தில் தண்ணீர், உட்கார ஓர் உயரமான மரம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடமே நல்ல இடம். சிறுமணி கிணுகிணுப்பது போன்ற குரல் கேட்டால் அண்ணாந்து பாருங்கள்.

பறவை பழத்தை விழுங்கி, விதையை எச்சத்தோடு வேறிடத்தில் போடுகிறது. இதுவே நாம் படித்த விதை பரவல். அழகுச் செடி என்று மனிதர் நட்டது, பசித்து வந்த பறவைக்கு உணவு. பழம் தீருமுன் அதை வெட்டிவிட்டால் அந்த உணவும் போய்விடும்.

செய்து பாருங்கள்

நம் ஊரில் குளிர்காலம் இல்லை. ஆனால் அத்தி இன மரங்கள் உண்டு. பழுத்த மரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம், தினமும் காலையில் 10 நிமிடம் கவனியுங்கள். எந்தப் பறவை, எத்தனை, பழத்தை விழுங்கியதா கொத்தியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மைனா வரலாம், பச்சைப் புறாவும் வரலாம். ஒன்றுமே வராத நாளில் ‘0’ என்று எழுதுங்கள். அதுவும் தரவுதான்.