பாயிரமும் விண்ணப்பமும்: மேலாண்மைக் கல்வி நாடும் மாணவர்க்கு நன்னூல் காட்டும் நெறி

முன்னுரை

மேலாண்மைக் கல்வி என்றதும் நம் மாணவர் பலர்க்கு ஒரு தயக்கம் எழுகின்றது. அகமதாபாத்திலும் கொல்கத்தாவிலும் 1961ஆம் ஆண்டு தோன்றிய இந்திய மேலாண்மை நிறுவனங்கள் இன்று இருபதுக்கும் மேற்பட்டனவாகப் பெருகியுள்ளன. அவற்றுள் ஒன்று 2011ஆம் ஆண்டு முதல் திருச்சிராப்பள்ளியிலேயே இயங்கி வருகின்றது. இருந்தும் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்து மாணவர், அவருள்ளும் தமிழ்வழி பயின்றோர், அக்கதவைத் தட்ட அஞ்சுகின்றனர். "அது பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு உரியது, நம்மிடம் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?" என்பதே அவர்தம் அச்சத்தின் சாரம்.

சொல்லிக்கொள்ளத் தக்கது நம்மிடம் நிறைய உண்டு என்பதையும், அதனைச் சொல்லும் முறையை நம் இலக்கண நூலே கற்பிக்கின்றது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகை வாயில்கள்

மேலாண்மை நிறுவனங்களுக்குச் செல்லும் வழிகளைப் பொதுவாக இருவகைப்படுத்தலாம். முதலாவது, நுழைவுத் தேர்வை முதன்மையாகக் கொள்ளும் வழி. இந்திய மேலாண்மை நிறுவனங்கள் 'கேட்' என்னும் பொதுத் தேர்வை நடத்துகின்றன. ஜாம்ஷெட்பூரில் 1949இல் நிறுவப்பெற்ற எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நிறுவனம் 'சாட்' தேர்வையும், தமிழகக் கல்லூரிகளின் பொருட்டு அண்ணா பல்கலைக்கழகம் 'டான்செட்' தேர்வையும் நடத்துகின்றன. இரண்டாவது, கட்டுரைகளையும் பரிந்துரைக் கடிதங்களையும் தேர்வு மதிப்பெண்ணோடு சேர்த்து எடைபோடும் வழி. ஐதராபாத்தில் 2001இல் வகுப்புகளைத் தொடங்கிய இந்திய வணிகப் பள்ளியும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் இவ்வழியின. இவை பெரும்பாலும் 'ஜிமேட்' அல்லது 'ஜி.ஆர்.இ.' மதிப்பெண்ணைக் கேட்கும்; பணி அனுபவத்தையும் எதிர்நோக்கும்.

'கேட்' தேர்வுக்கு எப்பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பில் 50 விழுக்காட்டு மதிப்பெண் போதும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர்க்கு 45 விழுக்காடு. இறுதியாண்டு மாணவரும் எழுதலாம். ஆங்கில வாசிப்புத் திறன், தரவுகளை ஆராய்ந்து முடிவு காணும் திறன், கணக்குத் திறன் என மூன்று பகுதிகள்; ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு மூன்று மதிப்பெண்; கொடுத்த விடைகளுள் தவறானதைத் தேர்ந்தால் ஒரு மதிப்பெண் குறையும். கணக்குப் பகுதியில் விழுக்காடு, விகிதம், இயற்கணிதம், வடிவியல் போன்ற பள்ளிக் கணக்கின் அடிப்படைகளே மிகுதி. ஆகவே, தமிழ் இலக்கியம் பயின்றவர் எழுத இயலாத தேர்வு அன்று இது.

அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் இத்தேர்வை எழுதுகின்றனர். முடிவு 'சதமானம்' என்னும் அளவால் சொல்லப்படும். 99 சதமானம் என்பது நூற்றுக்கு 99 மதிப்பெண் அன்று. எழுதியவருள் நூற்றுக்கு 99 பேரைக் காட்டிலும் மேல்நிலையில் நிற்றல் என்பதே அதன் பொருள். தேர்வு முடிவோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகியவற்றின் மதிப்பெண்களையும், பணி அனுபவத்தையும் நிறுவனங்கள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. பொறியியல் அல்லாத துறையினர்க்கும் பெண்களுக்கும் கூடுதல் மதிப்புத் தரும் நிறுவனங்களும் உண்டு. இவற்றைக் கடந்தவர் எழுத்துத் திறன் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் அழைக்கப்பெறுவர். அங்கேதான் "நீ யார்?" என்னும் வினா எழுகின்றது.

நன்னூலார் வகுத்த பதினொன்று

13ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலை அவைக்கு அறிமுகம் செய்வோர் உரைக்க வேண்டிய செய்திகளைத் தொகுத்துரைக்கின்றார். நூலாசிரியன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அதன் அமைப்பு, அது நுவலும் பொருள், அதனைக் கேட்போர், அதனால் விளையும் பயன் ஆகிய எட்டும் முதலில் வரும். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் இவற்றோடு கூட்டி உரைப்பாரும் உளர் என்பர்.

மாணவர் தம்மையே ஒரு நூலாகக் கொண்டு எண்ணிப் பார்க்கட்டும். 'வழி' என்பது பிறந்த குடும்பமும் பயின்ற நெறியும். 'எல்லை' என்பது வாழ்ந்த ஊரும் சூழலும். 'நுதலிய பொருள்' என்பது வாழ்வின் குறிக்கோள். 'கேட்போர்' என்பது விண்ணப்பத்தைப் படிக்கும் நிறுவனம். 'பயன்' என்பது இக்கல்வியால் தமக்கும் பிறர்க்கும் விளையும் நன்மை. எஞ்சிய மூன்றும் இன்றைய வணிகப் பள்ளிகள் தவறாது கேட்கும் மூன்று வினாக்களாகவே அமைந்திருத்தல் வியப்பிற்குரியது. இக்கல்வியை ஏன் இப்போது நாடுகின்றீர் என்பது காலம். ஏன் எங்கள் நிறுவனத்தை நாடுகின்றீர் என்பது களம். இக்கல்வியே உமக்கு எதற்கு என்பது காரணம். இம்மூன்றுக்கும் தெளிந்த விடை இல்லாத விண்ணப்பம், பாயிரம் இல்லாத நூலைப் போன்றதே.

தற்புகழ்ச்சி தகும் இடங்கள்

நம் மாணவரிடம் காணும் அடக்கம் போற்றத்தக்கது. ஆயினும், விண்ணப்பத்தில் அது வாய்மூடி நிற்றலாக முடிந்துவிடுகின்றது. எத்துறையில் வல்லவனாயினும் ஒருவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று கூறும் நன்னூலார், உடனே சில இடங்களை விலக்காகவும் காட்டுகின்றார். அரசனது அவைக்கு ஓலை எழுதி விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், மாற்றார் தன்னைப் பழித்த காலத்தும் தன் சிறப்பைத் தானே எடுத்துரைத்தல் பொருந்தும் என்பது அவர் கருத்து.

மேலாண்மை நிறுவனத்திற்கு எழுதும் விண்ணப்பம் அவைக்கு விடுக்கும் ஓலையே அன்றோ? அதைப் படிப்போர் நம் ஆற்றலை அறியாதாரே அன்றோ? எனவே, செய்ததைச் செய்தேன் என்று எழுதுவதில் நாணத்திற்கு இடமில்லை. ஆனால், இலக்கணம் இசைவளிப்பது உள்ள ஆற்றலை உரைப்பதற்கே. இல்லாததை இட்டுக்கட்டுவதற்கு அன்று.

பிறர் உரைக்கும் பாயிரம்

ஒருவனுடைய நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்தற்கு உரியவர் அவனுடைய ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், தக்க உரையாசிரியர் என்பது நன்னூல் கொள்கை. நால்வருமே அவனையோ அவன் நூலையோ அணுகி அறிந்தவர்கள். ஊரில் செல்வாக்குடையவர் என்பது அவர்க்குரிய தகுதியாகச் சொல்லப்படவில்லை. பரிந்துரைக் கடிதத்திற்கும் இதுவே அளவுகோல். மாணவரை ஒருமுறையேனும் பார்த்திராத பெருந்தலைவர் தரும் கடிதத்தைக் காட்டிலும், மூன்றாண்டு பாடம் சொன்ன ஆசிரியரோ, பணியிடத்து மேலாளரோ, ஒரு குறிப்பிட்ட நிகழ்வைச் சுட்டி எழுதும் கடிதம் வலிமை உடையது. ஆசிரியப் பெருமக்களும், எல்லா மாணவர்க்கும் ஒரே வாசகத்தைத் தட்டச்சு செய்து தருவதைத் தவிர்க்க வேண்டும். கடிதம் கேட்கும் மாணவர் குறைந்தது ஒரு திங்களுக்கு முன்னரே கேட்டல் நன்று.

தவிர்க்க வேண்டிய குற்றங்கள்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்பர். அவற்றுள் சில விண்ணப்பக் கட்டுரையில் அடிக்கடி தலைகாட்டுகின்றன.

'குன்றக் கூறல்' முதலாவது. "தந்தையாரின் கடையில் உதவி செய்தேன்" என்று மட்டும் எழுதி நிறுத்துவது இதன்பாற்படும். 'மிகைபடக் கூறல்' இதற்கு மறுதலை. "பிறவித் தலைவன் யான்" என்பது போன்ற தொடர்கள் படிப்போரிடம் ஐயத்தையே விளைவிக்கும். மதிப்பெண் பட்டியலில் உள்ளதையே கட்டுரையிலும் அடுக்குவது 'கூறியது கூறல்'. மேலாண்மை பற்றிக் கேட்டால் உலகப் பொருளாதாரத்தின் வரலாற்றை விரிப்பது 'மற்றொன்று விரித்தல்'.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். திருவில்லிபுத்தூரை அடுத்துள்ள நம் திருவண்ணாமலையில், குன்றின்மேல் கோயில் கொண்டுள்ள சீனிவாசப் பெருமாளைக் காணப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மக்கள் வெள்ளம் திரளும். அடிவாரத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவர் ஒருவரின் மகன் விண்ணப்பம் எழுதுவதாகக் கொள்வோம். "எனக்கு வணிக அறிவும் தலைமைப் பண்பும் மிகுதி" என்று அவர் எழுதினால் அது எவர்க்கும் பொருந்தும் தொடர். மாறாக, அவர் இவ்வாறு எழுதலாம்: "முதற் சனிக்கிழமை பால் மிஞ்சி வீணாயிற்று. எந்நேரத்தில் கூட்டம் மிகுகிறது என்று அன்றே குறித்து வைத்தேன். அடுத்த வாரம் பாலை ஒரே முறையாக வாங்காமல் மூன்று தவணையாக வாங்கச் சொன்னேன். தந்தையார் முதலில் இசையவில்லை. ஒரு வாரம் செய்து பார்த்த பின்னர் இசைந்தார்." இங்கே தலைமை என்ற சொல்லே இல்லை. எனினும் கவனித்தல், கணித்தல், மூத்தவரை இணங்கச் செய்தல் ஆகிய மூன்றும் தாமே விளங்குகின்றன.

நம் வட்டாரமே ஒரு பாடநூல்

நம் ஊர்களில் மேலாண்மைக்கு என்ன சான்று உண்டு என்று எவரும் கேட்க வேண்டா. விரைவில் கெடும் பாலைச் சில நாள்கள் தாங்கும் பண்டமாக மாற்றி வெளியூர்ச் சந்தைக்கு அனுப்பும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா, 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. இராசபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராசா தொடங்கிய நூற்பாலை, பல தொழில்கள் கிளைத்த ஒரு குழுமத்திற்கு வித்தாயிற்று. சத்திரப்பட்டியின் தறிகளில் மருத்துவமனைகளுக்குரிய கட்டுத்துணி நெய்யப்படுகின்றது. இவற்றின் நடுவே வளர்ந்தவர், விலை, தேவை, கடன், தரம் என்பவற்றை நூல்களுக்கு முன்னரே வாழ்வில் கண்டவர்.

சிற்றூரின் செய்தியை உலகம் மதிக்குமா என்ற ஐயமும் வேண்டா. எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் செலுத்தக் கூடியவர் தரும் கட்டணத்தால் ஏழைகளுக்கும் அறுவை மருத்துவம் செய்யும் அதன் முறையை, ஆர்வர்டு வணிகப் பள்ளி 1993 முதல் தன் பாடப்பொருள்களுள் ஒன்றாகக் கொண்டது. கோயம்புத்தூரில் 1941இல் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, மின்கல ஆலையொன்றில் பணியாற்றிய பின் அகமதாபாத் நிறுவனத்தில் மேலாண்மை கற்ற பேராசிரியர் சி.கே. பிரகலாத், 2004இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலில் அம்மருத்துவமனையை ஆராய்ந்தார். நம்மூர்ப் பேருந்தில் சென்று சேரக்கூடிய ஓரிடம் உலகத்து மாணவர்க்குப் பாடமாயிருக்க, நாம் மட்டும் நம் மண்ணை மறைத்து எழுதுவது முறையோ?

கடன் வாங்கிய கட்டுரை

பணம் கொடுத்தால் விண்ணப்பக் கட்டுரை எழுதித் தருவோர் உளர். நொடிப்பொழுதில் எழுதித் தரும் கணினிச் செயலிகளும் வந்துவிட்டன. ஆங்கிலப் பிழைகளைத் திருத்திக்கொள்ளப் பிறர் உதவியை நாடுவதில் தவறில்லை. வாழ்வையே பிறர் கற்பனையில் எழுதி வாங்குவது பெருந்தவறு. நேர்காணலில் அமர்ந்திருப்போர் கட்டுரையின் ஒரு வரியைத் தொட்டு, "அதன் பின் என்ன செய்தீர்?" என்று கேட்பர். தானே வாழ்ந்தவர் விடை சொல்வார். விலைக்கு வாங்கியவர் விழிப்பார். எளிய ஆங்கிலத்தில் உண்மையைச் சொல்பவர், அலங்கார ஆங்கிலத்தில் தடுமாறுபவரைவிட மேலானவர். அவ்வெளிய ஆங்கிலம் கைவர, நாள்தோறும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படித்து, அதன் கருத்தை ஐந்து வரியில் தாமே எழுதிப் பழகுதல் வேண்டும். முதலாண்டிலேயே தொடங்கினால் மூன்றாண்டில் இது இயல்பாகிவிடும்.

சான்றிதழும் செலவும்

தகுதி இருந்தும் ஒரு தாளால் இடம் இழப்பது கொடுமை. தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குள்ள 3.5 விழுக்காடு மாநில நிறுவனங்களுக்கு உரியது. நடுவண் அரசின் நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்க்கு 27 விழுக்காடு உண்டு. இதற்கு, வளமான பிரிவினர் அல்லர் என்று நடுவண் அரசுப் படிவத்தில் பெறும் தனிச் சான்றிதழ் தேவை. இராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட இலப்பைகள் நடுவண் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளனர். மாநிலச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு இறுதி நேரத்தில் திகைப்பதைத் தவிர்த்து, வட்டாட்சியர் அலுவலகத்தின் வழி இதனை முன்னரே பெற்று, நிதியாண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பொதுவாக ஆகஸ்டில் 'கேட்' பதிவு தொடங்கும். நவம்பர் இறுதியில் தேர்வு. புத்தாண்டுக்குப் பின் நேர்காணல்கள்.

பழைய மேலாண்மை நிறுவனங்களில் ஈராண்டுக் கட்டணம் இருபது இலட்சம் ரூபாயைக் கடந்துவிட்டது. வங்கிகள் கல்விக்கடன் தருகின்றன. வட்டியைக் கருதித் தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அத்தயக்கத்தால் சில பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே நின்றுவிடுகின்றனர். குடும்ப வருமானத்தைக் கருதி உதவித்தொகை வழங்கும் நிறுவனங்கள் உண்டு என்பதை முதலில் அறிதல் வேண்டும். சமுதாயப் பெரியோர், கல்விக்கெனத் திரட்டும் நிதியில் ஒரு பகுதியைத் தேர்வுக் கட்டணத்திற்கும், பயிற்சி நூல்களுக்கும், நேர்காணல் பயணத்திற்கும், திருப்பித் தரத்தக்க வட்டியில்லாக் கடனுக்கும் ஒதுக்குவராயின், ஆண்டுக்கு ஒருவரேனும் நம் வட்டாரத்திலிருந்து செல்வது உறுதி. முதலில் சென்றவர் பின்வருவோர்க்கு வழிகாட்டியாவார்.

முடிவுரை

வலிய விண்ணப்பம் என்பது தேர்வில் உழைத்துப் பெற்ற மதிப்பெண், காலம், களம், காரணம் உணர்ந்த தெளிவு, அறிந்தோர் தரும் சான்று, மிகையும் குறையும் இல்லாத உண்மை ஆகிய நான்கின் சேர்க்கையே எனலாம். இவற்றுள் எதுவும் பெருநகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. மாணவர்கள் இன்றே ஒரு குறிப்பேட்டை எடுத்து, நன்னூலார் கூறிய பதினொன்றையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் தம் வாழ்வினின்று ஒரு வரியை எழுதிப் பார்க்கட்டும். எழுத முடியாமல் நிற்கும் இடம் எதுவோ, அதுவே அவர் அடுத்த ஓராண்டில் உழைத்து நிரப்ப வேண்டிய இடமாகும்.