விண்வெளியில் கிப்லா

விஞ்ஞானம் வளர வளர மார்க்கச் சட்டம் தடுமாறிப் போகும் என்போருக்கு மலேசியாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

2007-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி, ரமளான் மாதத்தில், மலேசிய டாக்டர் ஷேக் முஸாபர் ஷுகோர் ருஷ்ய ராக்கெட்டில் விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அந்நிலையம் பூமியைச் சுமார் 90 நிமிடத்தில் ஒரு முறை சுற்றுகிறது. ஒரே நாளில் 16 முறை சூரியன் உதிக்கும். அப்படியானால் 80 வேளை தொழுவதா? கிப்லா எந்தப் பக்கம்?

இதற்கு இயந்திரம் பதில் சொல்லவில்லை. மலேசிய உலமாக்கள் கூடி ஆராய்ந்து சொன்னார்கள். ராக்கெட் புறப்பட்ட ஊரின் 24 மணி நேரக் கணக்குப்படி ஐந்து வேளைதான். இயன்றால் கஃபாவை முன்னோக்க வேண்டும். இயலாவிடில் கஃபாவுக்கு நேர் மேலுள்ள பகுதியை. அதுவும் இயலாவிடில் பூமியை. எதுவுமே இயலாவிடில் எத்திசையும் கூடும். நோன்பைத் திரும்பி வந்து களாச் செய்யவும் இடமுண்டு. சக்திக்குத் தக்கபடிதான் கடமை.

இதில் நமக்குப் படிப்பினை யாது? தராசு எடையைக் காட்டும். நிறுப்பவனுடைய நேர்மையைக் காட்டாது. அதுபோல, கைபேசி வக்தைச் சொல்லும், கிப்லாவையும் காட்டும். நிய்யத்து வைத்துத் தக்பீர் கட்ட வேண்டியவர் நாமல்லவா?

வானத்தில் மிதப்பவருக்கே தொழ வழியிருக்கும்போது, பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நாம் என்ன சாக்குச் சொல்வது? அல்லாஹ் நமக்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.