நாலு மணிக்குப் பால் கேட்கும் குட்டி

அன்புள்ள மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டரை மாத நாய்க்குட்டி ஜிம்மி விடிகாலை நாலு மணிக்கே எழுந்து ஊளையிடுகிறான், என் அக்கா தூக்கக் கலக்கத்தோடு எழுந்து பால் ஊற்றுகிறாள், மச்சான் "மொட்டை மாடியில் கட்டிப் போடு" என்று சத்தம் போடுகிறார், நீ ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் தூங்கி வழிகிறாய். இதற்கு வழி உண்டு. அதற்கு முன் ஒரு வார்த்தை: கொடுத்தவர் சிப்பிப்பாறைக் கலப்பு என்று சொன்னாராம், நீ அனுப்பிய போட்டோவில் காதைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாதாரண நாட்டு நாய்தான். அதில் குறை ஒன்றுமில்லை. திண்டுக்கல் வெயிலில் ஹஸ்கியை வாங்கி வைத்துக்கொண்டு அதற்காக ஏசி ஓட விடுகிறவர்களைவிட நீ எவ்வளவோ தேவலை.

நாய்கள் பொதுவாகக் காலைக் கருக்கலிலும் அந்திக் கருக்கலிலும் சுறுசுறுப்பாக இருக்கும். நம் சமவெளியில் இது இன்னும் தூக்கலாகத் தெரியும். சித்திரை வெயிலில் பகல் பூராவும் சிமெண்ட் தரையில் வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு, நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கிற குட்டிக்கு, தரை குளிர்ந்து காற்று வீசும் நாலு மணிதான் விளையாடத் தோதான நேரம். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிற வீடுகளில் இந்தப் புகாரே எழாது. மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டும் என்பதால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அந்த வீட்டு நாய் நாலு மணிக்கு எழுந்தால் யார் குறை சொல்வது? உங்களுடையது ஆறு மணிக்கு எழும் வீடு. குட்டியை அந்த ஆறு மணிக்குக் கொண்டுவருவதுதான் உன் வேலை.

ஜன்னலுக்குக் கறுப்புத் திரை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், காசைச் சேர்த்து வை. லண்டனில் ஜூன் மாதம் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், டிசம்பரில் எட்டு மணி ஆகும். அந்த ஊர்க்காரர்களுக்குத் திரை உதவும். நமக்கு ஜூன் தொடக்கத்தில் ஆறு மணிக்குச் சற்று முன், ஜனவரிக் கடைசியில் 6.40 வாக்கில் என்று சூரியன் வருஷம் முழுக்க ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்குள்தான் முன்பின்னாக உதிக்கிறது. நாலு மணிக்கு எந்த மாதமும் இருட்டுத்தான். வெளிச்சத்தைவிடச் சத்தம் எழுப்பிவிட வாய்ப்பு அதிகம்: பால்காரர் வண்டி, பேப்பர் போடும் பையனைத் துரத்தும் தெருநாய்கள், பாங்கு, மார்கழி என்றால் கோயில் ஒலிபெருக்கி. குட்டியைத் தெருப்பக்கத்து அறையிலிருந்து உள்ளறைக்கு மாற்று. மின்விசிறி ஓடட்டும், காற்றும் வரும், அதன் இரைச்சல் வெளியிலிருந்து வரும் சத்தத்தையும் அமுக்கும்.

ஆனால் உன் ஜிம்மி விஷயத்தில் முதல் காரணம் இதெல்லாம் இல்லை. அவனுக்கு ஒன்றுக்கு முட்டுகிறது. குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள். ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அடக்க முடியும். தூங்கும்போது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஒன்பதரைக்கு நீங்கள் கதவைச் சாத்தினால் அவன் நாலு வரை தாக்குப்பிடித்ததே பெரிய காரியம். அவனைத் திட்டுவதில் நியாயமே இல்லை. ஆறு மாதம் ஆகும்போது பெரும்பாலான குட்டிகள் இரவு முழுக்க அடக்கப் பழகிவிடும்.

அதுவரை இப்படிச் செய். ராத்திரி கடைசியாக யார் படுக்கிறார்களோ, அவர்கள் பதினொரு மணிக்குக் குட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப்போக வேண்டும். உங்கள் வீட்டில் அது மச்சான்தான். மொட்டை மாடி யோசனைக்கு இது தண்டனை என்று வைத்துக்கொள். பிறகு நீ மூன்றே முக்காலுக்கு அலாரம் வைத்து, அவன் கத்துவதற்கு முன்னால் போய்த் தூக்கு. இது முக்கியம். கத்தியபின் போனால், கத்தினால் ஆள் வரும் என்று அவன் கற்றுக்கொள்வான். பெரிய விளக்கைப் போடாதே. "என் செல்லமே" என்று கொஞ்சாதே. தினமும் ஒரே இடம், முருங்கைமரத்தடி என்றால் முருங்கைமரத்தடிதான். பழைய வாசனை இருக்கும் மண்ணில் சீக்கிரம் ஒன்றுக்கு இருந்துவிடுவான். இருந்ததும் மெல்லிய குரலில் ஒரு சபாஷ் சொல்லிவிட்டு நேரே படுக்கைக்குத் திரும்பு. இரண்டு மூன்று நாள் சிக்கலில்லாமல் போனால் அலாரத்தைக் கால் மணி தள்ளு. மறுபடி இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு கால் மணி. நடுவில் ஒரு நாள் பாயை நனைத்துவிட்டால் பழைய நேரத்துக்கே திரும்பிக்கொள்.

படுக்கவைத்த பிறகும் முனகினால் உற்றுக் கவனி. மூக்கைத் தரையில் வைத்து மோந்தபடி வட்டமடித்தால் இன்னும் பாக்கி இருக்கிறது. சும்மா உட்கார்ந்துகொண்டு உன் முகத்தைப் பார்த்துக் குரைத்தால் அது துணைக்கான கூப்பாடு. அதற்கு எழுந்துகொள்ளாதே. குரல் அடங்கி ஓர் இடைவெளி வரட்டும், அப்போது கவனி. தாயையும் கூடப்பிறந்த குட்டிகளையும் விட்டு வந்தவன் என்பதால் முதல் சில வாரங்கள் உள்ளறையில் உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சாக்கு விரித்து, மேலே பழைய வேட்டியைப் போட்டுப் படுக்கவை. கையை நீட்டினால் தொடுகிற தூரம். மொட்டை மாடியில் கட்டுவது கூடவே கூடாது. தனியாகக் கட்டிய குட்டி இன்னும் அதிகமாகக் கத்தும், பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து எழுந்துகொள்வார்கள்.

இப்போது பால். நாலு மணிக்கு எழுந்தால் கிண்ணம் நிறையப் பால் கிடைக்கும் என்றால் நான்கூட எழுவேன். அக்காவின் இரக்கம் புரிகிறது. ஆனால் தினம் கிடைக்கிற வேளைக்கு வயிறே மணி அடிக்கப் பழகிவிடும். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிப்பதுமில்லை. வயிறு இளகும், இன்னும் ஒருமுறை வெளியே ஓட வேண்டி வரும். காலைச் சாப்பாடு எழுந்த உடனே வேண்டாம், ஆறரைக்கு மேல் கொடு. இந்த வயதில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவு தேவை. கடைசி வேளையை இரவு ஏழரைக்குள் முடித்துவிடு. சோறு, அவித்த முட்டை, மசாலா போடாமல் வேகவைத்த கோழி எல்லாம் சரி. தண்ணீரை மட்டும் நம் ஊர் வெயிலில் நிறுத்தாதே.

ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் தொல்லை அதிகம் என்று எழுதியிருக்கிறாயே, காரணம் எனக்குத் தெரியும். திண்டுக்கல்லில் பிரியாணி மிஞ்சினால் எங்கே போகும்? வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். திராட்சை அதைவிட மோசம். சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், பன்னீர் திராட்சை எவ்வளவு மணத்தாலும் ஒன்றுகூடக் கொடுக்காதே. ஆசையாக ஏதாவது தர வேண்டுமென்றால் சிறுமலை வாழைப்பழத்தில் சின்னத் துண்டு போதும்.

பகலில் அவன் தூங்குவதைப் பார்த்து நீ அவனை எழுப்பிவிடுவதாகவும், அப்போதுதான் ராத்திரி தூங்குவான் என்று தோழி சொன்னதாகவும் எழுதியிருந்தாய். தோழி சொன்னது தப்பு. குட்டிகள் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்வரை தூங்கும். தூக்கம் கெட்ட குட்டி கைக்குழந்தை மாதிரி, அசந்து தூங்குவதற்குப் பதில் அடம்பிடிக்கும், கடிக்கும், விடியுமுன் விழிக்கும். பள்ளிவிட்டு வந்து வெயில் தாழ்ந்தபின் கொஞ்ச நேரம் நன்றாக ஓடவிடு, பழைய துணிமுடிச்சுக்குள் பிஸ்கட்டை ஒளித்துவைத்து மோந்து தேடவிடு. மூக்குக்கு வேலை கொடுத்தால் நன்றாகக் களைப்பான். எட்டரைக்குமேல் அவனைச் சும்மா விடு.

விடிகாலை எழுந்ததுதான் எழுந்தோம், ரவுண்டு ரோடு வரை நடத்திக் கூட்டிப்போகலாமே என்று நினைப்பாய். தடுப்பூசி முடியும்வரை கொல்லையைத் தாண்டாதே. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குட்டிகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றுபோடும் நோய் அது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம்வரை போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று இரவில் பலமுறை எழுந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, இரத்தம் கலந்து போனாலோ அலாரத்தையெல்லாம் மறந்துவிட்டு அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. பூச்சி மருந்து கொடுத்தீர்களா என்று நீ எழுதவில்லை. போட்டோவில் வயிறு உப்பியிருப்பதைப் பார்த்தால் கொடுக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. நாளைக்கே டாக்டரிடம் கேள்.

இந்தக் கடிதத்தை அக்காவிடமும் மச்சானிடமும் வாசித்துக் காட்டு. வீட்டில் மூன்று பேரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் குட்டிக்கு விளங்கும். நீ ஒரு பக்கம் பழக்க, இன்னொருவர் ஒரு நாள் பால் ஊற்றினால் பழக்கியதெல்லாம் வீண். இரண்டு வாரம் விடாமல் செய்துவிட்டு, எத்தனை மணிக்கு எழுகிறான் என்று எனக்கு எழுது. நாலு மணிப் பாலை மட்டும் இன்றிரவே நிறுத்திவிடுங்கள்.

அன்புடன்,
மாமா