சாண்ட்பாக்ஸில் எழுதி, ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஏற்றுவது

ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரை நூற்றுக்கணக்கான இணையதளங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. பிராசஸரும் மெமரியும் பொது. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் அமைப்புகளில் பெரும்பாலானவை ஹோஸ்டிங் நிறுவனத்தின் கையில். சாண்ட்பாக்ஸ் டெவலப்பரின் சொந்த இடம். ஸாம்ப், டாக்கர் போன்றவற்றால் லேப்டாப்பிலேயே அமைத்துவிடலாம். அங்கே எது உடைந்தாலும் வாடிக்கையாளருக்குத் தெரியாது.

காத்திவாக்கத்தில் கன்டெய்னர் லாரி வைத்திருக்கும் ஒருவர் தளம் கேட்கிறார் என்று கொள்வோம். வண்டி விவரம், வாடகை விசாரணை, காமராஜர் துறைமுக கேட்டுக்குள் லாரி நுழைந்த நேரம் என்று நாலைந்து பக்கங்கள். இதற்கு ஷேர்டு ஹோஸ்டிங் தாராளம். ஆனால் ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் தளத்திலேயே கோடைத் திருத்தும் பழக்கம் ஆபத்து. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் பக்கம் வெள்ளையாகிவிடும்.

சாண்ட்பாக்ஸில் நன்றாக ஓடியது ஏற்றியதும் படுத்துக்கொள்வதற்குக் காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. விண்டோஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்ப்பதில்லை; லினக்ஸ் சர்வர் பார்க்கும். லேப்டாப்பில் தெரிந்த லாரிப் படம் சர்வரில் காணாமல் போவது இதனால்தான். மைஎஸ்க்யூஎல் 8.0 (2018) வரும்வரை அதன் இயல்பான எழுத்துத் தொகுப்பு லத்தீன்1. பழைய பதிப்பு உள்ள சர்வரில் டேட்டாபேஸை யுடிஎஃப்8எம்பி4 என்று அமைக்காவிட்டால் ஓட்டுநரின் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாகத்தான் வரும். பல சர்வர்கள் யுடிசி நேரத்தில் ஓடுவதால், காலை 10 மணிக்கு கேட்டைத் தாண்டிய லாரி 4.30க்கே தாண்டியதாகக் காட்டும். லாரிக்காரர் முதலில் சண்டைக்கு வருவது இதற்காகத்தான் இருக்கும். டைம்ஸோனை கோடிலேயே 'ஆசியா/கொல்கத்தா' என்று எழுதிவிடுவது நல்லது.

ஆகவே ஹோஸ்டிங்கில் உள்ள அதே பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் பதிப்புகளையே சாண்ட்பாக்ஸிலும் வைத்துக்கொள்ள வேண்டும். டாக்கரில் இது ஒரு வரி வேலை. கடைசி ஒத்திகைக்கு அதே ஹோஸ்டிங்கில் ஒரு சப்டொமைன் போதும். பாஸ்வேர்ட் போடாவிட்டால் கூகுள் தேடலில் அதுவும் வந்து நிற்கக்கூடும். கட்டண வசதி இருந்தால், தளம் திறக்கும்வரை பேமென்ட் கேட்வேயின் டெஸ்ட் மோடிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

லாரிகளின் இருப்பிடத்தை நொடிக்கு நொடி வரைபடத்தில் காட்டச் சொன்னால் கதை வேறு. இடைவிடாமல் ஓடும் புரோகிராம்களைப் பெரும்பாலான ஷேர்டு ஹோஸ்டிங் அனுமதிப்பதில்லை. அதற்கு விபிஎஸ் எனப்படும் தனி மெய்நிகர் சர்வர் வேண்டும்.

நகல் எடுத்து வைப்பதும் முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் வெளியூர் சர்வரில் உள்ள தளம் திறக்கும். லேப்டாப்பில் மட்டும் இருக்கும் சாண்ட்பாக்ஸ் சார்ஜ் தீர்ந்ததும் அணைந்துவிடும், தண்ணீர் புகுந்தால் கோடும் போய்விடும். அன்றைய வேலையை அன்றன்றே கிட் வழியாக வெளியே ஒரு ரெப்போவில் ஏற்றி வைக்க வேண்டும். டேட்டாபேஸின் நகலை வாரம் ஒருமுறையாவது தனியே இறக்கி வைக்க வேண்டும்.