பிளக்கை விரலால் திருகுங்கள்

கேள்வி: பைக்கின் ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்றலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: தாராளமாக. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்த காலத்தில் அது அன்றாட வேலை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலும் எரியும், பிளக்கில் கரி அடைக்கும். வழியிலேயே கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் கிளம்புவார்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அந்தத் தொல்லை குறைவு. எஞ்சின் ஆறியபின் கேப்பைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரை அல்ல. சிப்காட் சாலைப் புழுதி பிளக்கைச் சுற்றி அப்பியிருக்கும்; ஊதித் தள்ளாமல் கழற்றினால் நேரே சிலிண்டருக்குள் விழும்.

புதியதை முதலில் விரலால் மட்டுமே திருகவேண்டும். ஹெட் அலுமினியம், பிளக் எஃகு. மரை கோணினால் செலவு ஹெட்டுக்கு! வாஷர் உட்கார்ந்தபின் ஸ்பேனரால் அரைச் சுற்று போதும்.

கழற்றிய பிளக்கின் முனை காபிப்பொடி நிறமென்றால் எஞ்சின் நலம். ஆயில் ஈரம் தெரிந்தால் மெக்கானிக்கைப் பார்க்கலாம். பல்சர் 150 வைத்திருப்பவர்கள் இரண்டு பிளக் வாங்க வேண்டியிருக்கும்.