இன்னொரு சுவிட்சும் இருக்கிறது

என் ஆண்ட்ராய்டு போனில் 'லொகேஷன் ஹிஸ்டரி'யை எப்போதோ அணைத்துவிட்டேன். ஆனாலும் நான் போய்வந்த இடங்களை ஒட்டியே விளம்பரங்கள் வருகின்றன. எப்படி? – வாசகி, கும்பகோணம்

நீங்கள் அணைத்தது இரண்டு சுவிட்சுகளில் ஒன்றை மட்டும்தான். 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்று இன்னொன்று இருக்கிறது. மேப்பைத் திறந்தாலோ எதையாவது தேடினாலோ, நீங்கள் அப்போது இருக்கும் இடம் அதிலும் பதிவாகலாம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2018-லேயே இதை அம்பலப்படுத்தியது. அமெரிக்காவின் 40 மாநிலங்கள் விசாரணையில் இறங்க, 2022 நவம்பரில் 39.15 கோடி டாலர் தர கூகுள் ஒப்புக்கொண்டது. ஆகவே ஏமாந்துவிட்டோமே என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். நமக்குப் புரியும்படி சொல்ல வேண்டிய கடமை அவர்களுடையது.

போனின் செட்டிங்ஸில் 'கூகுள்' பகுதிக்குப் போய், உங்கள் கணக்கில் 'டேட்டா அண்ட் பிரைவசி'யைத் திறங்கள். அந்த இரண்டாவது சுவிட்ச் அங்கேதான் இருக்கிறது. வெறுமனே அணைத்தால் பழைய பதிவுகள் அப்படியே கிடக்கும்; அணைப்பதோடு அழிக்கவும் சொல்லும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். தேடியவை கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றால், 3 மாதத்தில் தானாக அழியும்படி வைக்கலாம். 'மை ஆட் சென்டர்' போய் உங்களுக்கென்றே பொறுக்கித் தரும் விளம்பரங்களையும் நிறுத்திவிடுங்கள்.

அப்படியே, எந்தெந்த ஆப்புக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். டார்ச் ஆப்புக்கும் காலண்டர் ஆப்புக்கும் அது தேவையே இல்லை. மேப், டாக்ஸி ஆப்களுக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பது போதும்.