‘தலைக்கு ஏறிட்டு’ என்று முடிவு கட்டும் முன்

“அவனுக்கு ஓர்மையே நிக்கமாட்டேங்கு. நோய் தலைக்கு ஏறிட்டு. இனி மருந்து குடுத்து என்ன செய்ய?” எச்.ஐ.வி. உள்ள ஒருவர் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினால் போதும், குமரி மாவட்டத்துக் கொட்டாரம் பக்கம் இப்படித் தீர்ப்பு சொல்ல ஆள் இருக்கிறது.

தலைக்கு ஏறினால் கடைசிக் கட்டம் என்பது இந்தப் பேச்சின் அடியில் கிடக்கும் நம்பிக்கை. உண்மை நேர்மாறானது. தொற்றிய சில நாட்களிலேயே வைரஸ் மூளைப் பக்கம் போய்விடக்கூடும்; தாய்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில் எட்டாவது நாளிலேயே மூளைத் தண்டுவட நீரில் அதைக் கண்டிருக்கிறார்கள். வெள்ளை அணுக்களுக்குள் ஒளிந்துகொண்டுதான் அது உள்ளே போகிறது. நினைவுக்கும் யோசனைக்கும் பொறுப்பான நரம்பணுக்களை அது நேரடியாகப் பிடிப்பதில்லை. அவற்றுக்குக் காவலாக இருக்கும் மைக்ரோகிளியா அணுக்களில் போய்க் குடியேறுகிறது. அங்கே மூளும் அழற்சிதான் பக்கத்து நரம்பணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நலியச் செய்கிறது. மருந்தில்லாமல் எத்தனை ஆண்டு ஓடியது, சி.டி.4 எனும் எதிர்ப்புச் சக்தி அணுக்கள் எவ்வளவு கீழே இறங்கின என்பதைப் பொறுத்துப் பாதிப்பு கூடும், குறையும்.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதே ஆண்டில்தான் அமெரிக்க மருத்துவர்கள் எய்ட்ஸ் நோயாளிகளிடம் கண்ட மறதி நோயை விரிவாக எழுதினார்கள். அன்றைக்கு மருந்து இல்லை. ஊர் மனதில் இன்னும் நிற்பது அந்தக் காலத்துப் படம். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று எச்.ஐ.வி. உள்ள 1,555 பேரைச் சோதித்தது. ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஏதோ ஒரு சறுக்கல் தெரிந்தது. ஆனால் அதில் பெரும்பங்கு அன்றாட வேலையைத் தொடாத, சோதனைத் தாளில் மட்டும் தெரியும் சறுக்கல். முழு மறதி நோய் 2 சதவீதம்தான். பாதி என்று அலறிவிட்டு இந்த இரண்டைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

மாத்திரைதான் புத்தியைக் கெடுக்கிறது என்பது அடுத்த நம்பிக்கை. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. முன்பு பரவலாகத் தந்த எஃபாவிரென்ஸ் பலருக்குத் தலைசுற்றலையும் விபரீதக் கனவுகளையும் கொடுத்தது. இப்போது பெரும்பாலோருக்கு டோலுடெகிராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை. அதிலும் சிலருக்குத் தூக்கம் கெடும். டாக்டரிடம் சொன்னால் காலையில் போடச் சொல்லக்கூடும். தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. மறதியால் மாத்திரை விட்டுப்போகும், விட்டுப்போனதால் வைரஸ் பெருகும், அதனால் மறதி கூடும்.

நம் நாட்டு வைரஸ் மூளையைத் தொடாது என்பது கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது. இந்தியாவில் பெரும்பாலும் பரவியிருப்பது ‘சி’ வகை. அதன் டாட் என்ற புரதத்தில் உள்ள ஒரு மாறுதலால் மூளைக்குச் சேதம் குறைவாக இருக்கலாம் என்று பெங்களூர் விஞ்ஞானிகள் காட்டியது மெய்தான். ஆனால் சென்னையிலும் புனேயிலும் சோதித்துப் பார்த்தபோது இங்கும் பாதிப்பு தெரிந்தது.

சரி, வீட்டில் ஒருவருக்கு மறதி தட்டுகிறது, என்ன செய்வது? எச்.ஐ.வி. தொடர்பான பாதிப்பில் பெயர் மறப்பதைவிட முதலில் தெரிவது மந்தம். கணக்குப் பார்க்க நேரமாகும், பேச்சில் கவனம் நிற்காது, சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறும், யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குவார். இதைப் பிடிக்க உகாண்டாவிலும் அமெரிக்காவிலும் சோதித்துப் பார்த்த எளிய முறை ஒன்று உண்டு. நான்கு சொற்களைச் சொல்லி வைத்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஐந்து நொடி வேகமாகத் தட்டச் சொல்வார்கள். பிறகு கையை மேசைமேல் முஷ்டியாக, விரித்த உள்ளங்கையாக, பக்கவாட்டில் நிறுத்தி, மாற்றி மாற்றி வைக்கச் சொல்வார்கள். கடைசியில் அந்த நான்கு சொற்களைக் கேட்பார்கள். பன்னிரண்டுக்குப் பத்து அல்லது அதற்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அவ்வளவுதான், அது தீர்ப்பு அல்ல.

மேற்கொண்டு பார்க்கையில் காரணம் வேறாகவும் இருக்கும். மனச்சோர்வு, குடி, தைராய்டு, பி12 குறைவு, மேகநோய் என்று பட்டியல் நீளம். பெரும்பாலானவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆனால் விடாத தலைவலி, காய்ச்சல், வலிப்பு, ஒரு பக்கக் கைகால் பலவீனம் என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது காசநோய் மூளைக்காய்ச்சலாகவோ கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையாகவோ இருக்கலாம். ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிற காரியமில்லை.

எச்.ஐ.வி. மருந்து தரும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போனால் தெரிந்தவர் கண்ணில் படுவோம் என்று தயங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதமின்றி வெளியில் சொல்லக் கூடாது. சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது. மருந்து வாங்கப் போகும்போது, மறதியைக் கவனித்த வீட்டாள் ஒருவரும் கூடப் போவது நல்லது. தன் மந்தம் தனக்கே தெரியாமல் போகலாம் என்பதால் நோயாளி “எனக்கு ஒண்ணும் இல்லை” என்று சொல்லிவிடக்கூடும்.